ராத்திரி முழுக்க ஓடும் ஃப்ளஷ் டேங்க்: டேங்கையே மாற்றணுமா?

மாடிவீடு_சத்துவாச்சாரி
ஞாயிறு, இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே ஓனர் அம்மா. மூன்று வாரமாக எங்கள் வெஸ்டர்ன் டாய்லெட்டின் ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் நிற்க மாட்டேன் என்கிறது. அழுத்திவிட்டு வந்தால் நிரம்புகிற சத்தம் ‘ஸ்ஸ்ஸ்’ என்று வரும், அது அப்படியே விடிய விடிய வந்துகொண்டே இருக்கும். பகலில் தெரியாது. ராத்திரி ஃபேன் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிறது.

மொட்டை மாடியில் 1000 லிட்டர் டேங்க் ஒன்றுதான், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து. முன்பெல்லாம் காலையில் ஒரு தடவை மோட்டார் போட்டால் போதும். இப்போது மாலையிலும் போட வேண்டியிருக்கிறது. மோட்டார் ஓனர் அம்மா மீட்டரில். “நீங்க வந்ததுலேர்ந்துதாம்பா தண்ணி நிக்கல” என்று நேற்று மாடிப்படியில் நிறுத்திச் சொல்லிவிட்டார்.

ஒரு பிளம்பரை வரவழைத்தேன். மூடியைக்கூடத் திறக்கவில்லை. வெளியிலிருந்தே தட்டிப் பார்த்துவிட்டு, “டேங்க் போச்சு சார், முழுசா மாத்தணும், 4,500 ஆகும்” என்றார். பார்த்ததற்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

டேங்க் மேலே இரண்டு பட்டன் இருக்கிற பிளாஸ்டிக் டேங்க், ஐந்தாறு வருடப் பழசு. உண்மையிலேயே மாற்றத்தான் வேண்டுமா? நானே ஏதாவது செய்ய முடியுமா? ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.


பழைய_பைப்புக்காரன்
ஞாயிறு, இரவு 11.55

டேங்க் வெடித்திருந்தால் பாத்ரூம் தரை ஈரமாக இருக்கும். தரை காய்ந்திருக்கிறதா? இருந்தால் டேங்க் நன்றாக இருக்கிறது. கெட்டது உள்ளே இருக்கிற ஏதோ ஒரு 50 ரூபாய் சாமான்.

தம்பி, நிரம்பின டேங்கிலிருந்து தண்ணீர் கோப்பைக்குள் போக இரண்டே வழி. ஒன்று, அடியில் இருக்கிற ஃப்ளஷ் வால்வு சரியாக உட்காராமல் கீழ்வழியே ஒழுகும். இரண்டு, தண்ணீர் உள்ளே விடுகிற வால்வு மூடாமல் மட்டம் ஏறிக்கொண்டே போய், நடுவில் நிற்கிற ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் வழியாக வழிந்து இறங்கும். இரண்டுக்கும் வெளியே கேட்கிற சத்தம் ஒன்றுதான். எது என்று தெரியாமல் சாமான் வாங்கினால் காசு தண்டம்.

கண்டுபிடிக்க ஒரு பென்சில் போதும். டேங்குக்குக் கீழே சுவரில், தண்ணீர் வருவதை மூடித் திறக்கிற ஆங்கிள் காக்கை மூடுங்கள். மூடியைத் தூக்கி, தண்ணீர் எதுவரை நிற்கிறதோ அங்கே உள்சுவரில் ஒரு கோடு போடுங்கள். யாரையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். 10 நிமிடம், அப்புறம் அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்கினால் கீழே ஒழுக்கு. இறங்காமல் அப்படியே நின்றால் அடி வால்வு நல்லது, மேலே உள்விடும் வால்வுதான் மூடவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஐந்தாறு வருடம் யாரும் தொடாத ஆங்கிள் காக் என்றால் நம்ம ஊர் உப்பில் கெட்டியாகப் பிடித்திருக்கும். பலம் போட்டுத் திருகாதீர்கள். உடைந்தால் பாத்ரூமில் பாலாறு வந்துவிடும். முதலில் மொட்டை மாடியில் உங்கள் லைனுக்கான கேட் வால்வு எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டு அப்புறம் கை வையுங்கள்.


காட்பாடி_ரயிலடி
திங்கள், காலை 6.40

பென்சில் கோடு போட இருட்டாக இருந்தால் இன்னொரு வழி. சொட்டு நீலம் ஒரு மூடி டேங்கில் ஊற்றிக் கலக்குங்கள். 20 நிமிடம் ஃப்ளஷ் அழுத்தாதீர்கள். கோப்பைத் தண்ணீர் நீலமானால் ஒழுகுகிறது. என் மாமியார் வீட்டில் இப்படித்தான் கண்டுபிடித்தோம். மாமனார் மட்டும் விஷயம் தெரியாமல் உள்ளே போய், வெளியே வந்து டாக்டரிடம் போகணும் என்றார்.


பழைய_பைப்புக்காரன்
திங்கள், காலை 7.05

நீலம் போடுவதானால் அப்போதும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் ஓவர்ஃப்ளோவில் வழிந்தாலும் நீலம்தான் வரும், எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.


கோட்டைமேடு
திங்கள், காலை 9.15

வாடகை வீட்டில் எதற்கு சார் இந்த வேலையெல்லாம்? ஓனர் வீடு, ஓனர் டேங்க். பேசாமல் அந்த அம்மாவிடமே விட்டுவிடுங்கள். நீங்கள் கை வைத்து உடைந்தால் அட்வான்ஸில் பிடிப்பார்கள்.


ஆற்காடு_கணக்கு_வாத்தியார்
திங்கள், மதியம் 1.30

கோட்டைமேடு அவர்களே, அது அவ்வளவு நேரில்லை. 2017ல் தமிழ்நாட்டுக்குப் புதிய வாடகைச் சட்டம் வந்தது, 2019ல் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணையில் யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று இரண்டு பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளை அடிப்பது, தேவைப்படும்போது பைப்லைன் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர் மாற்றுவது, கழிப்பறைப் பழுது, வாஷ்பேசின் பழுது வாடகைக்கு இருப்பவர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி. ஆகவே நண்பர் தன் ஒப்பந்தத்தை ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது நல்லது. சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினால் தோற்றுவிடுவார்.


மாடிவீடு_சத்துவாச்சாரி
திங்கள், இரவு 9.50

ஒப்பந்தத்தில் “சிறு பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு” என்று ஒரு வரி இருக்கிறது. சரி, நானேதான்.

தரை காய்ந்துதான் இருக்கிறது. பைப்புக்காரர் ஐயா சொன்னபடி பென்சில் சோதனை செய்தேன். ஆங்கிள் காக் நல்லவேளையாகத் திரும்பியது. 10 நிமிடத்தில் இரண்டரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அரைமணி நேரத்தில் இன்னும் கீழே. அப்போது சுத்தமான அமைதி, ஸ்ஸ்ஸ் இல்லை, ஆனால் கோப்பையின் பின்சுவரில் கண்ணாடி மாதிரி மெல்லிசாக ஒரு நீர்த்திரை இறங்கிக்கொண்டே இருந்தது. டார்ச் அடித்தால்தான் தெரிகிறது.


ஆற்காடு_கணக்கு_வாத்தியார்
திங்கள், இரவு 10.10

டேங்கின் உள் நீளம், அகலம் எவ்வளவு?


மாடிவீடு_சத்துவாச்சாரி
திங்கள், இரவு 10.25

36 செ.மீ., 14 செ.மீ. ஸ்கேல் வைத்து அளந்தேன். மனைவி ஒரு மாதிரி பார்த்தாள்.


ஆற்காடு_கணக்கு_வாத்தியார்
திங்கள், இரவு 10.40

36ஐ 14ஆல் பெருக்கினால் 504 சதுர செ.மீ. அதில் 2.5 செ.மீ. இறங்கினால் 1,260 மில்லி. 10 நிமிடத்துக்கு ஒன்றேகால் லிட்டர். மணிக்கு ஏழரை. ஒரு நாளைக்கு 180 லிட்டர். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் என்று வைத்தால் தினமும் 12 குடம்! மட்டம் இறங்க இறங்க ஒழுக்கும் மெதுவாகும். ஆனால் உங்கள் வீட்டில் மேலே நிரம்பிக்கொண்டே இருப்பதால் முதல் 10 நிமிடக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம்.

லாரித் தண்ணீருக்காகத் தெருவில் குடம் வரிசை வைத்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. அந்த 12 குடத்துக்கு எத்தனை சண்டை நடந்திருக்கும்.


பழைய_பைப்புக்காரன்
செவ்வாய், காலை 5.50

அப்போ அடி வால்வு வாஷர். விளக்கமாக எழுதுகிறேன், நிதானமாகச் செய்யுங்கள்.

ஆங்கிள் காக்கை மூடிவிட்டு ஃப்ளஷ் அழுத்தி டேங்கைக் காலி செய்யுங்கள். பட்டன் மூடியோடு சேர்ந்தே இருக்கும். சில டேங்கில் மூடி அப்படியே தூக்கினால் வரும், சிலதில் பட்டனைச் சுற்றி இருக்கிற வளையத்தை இடப்பக்கம் திருகிக் கழற்றணும். மூடியின் அடியில் இரண்டு பிளாஸ்டிக் குச்சி தொங்கும். அது எங்கே போய் அழுத்துகிறது என்று கழற்றும் முன்பே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் கோபுரம் மாதிரி நிற்பதுதான் ஃப்ளஷ் வால்வு. அதை இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பினால் பூட்டு விட்டுவிடும், நேராக மேலே தூக்குங்கள். ஸ்பேனரே வேண்டாம். அடிப்பாகத்தில் ஒரு ரப்பர் வளையம் தெரியும், வளையல் மாதிரி. அதுதான் குற்றவாளி, அல்லது அது உட்காருகிற விளிம்பு.

வளையத்தை விரலால் தேயுங்கள். கையில் மை மாதிரி கறுப்பு ஒட்டினால் ரப்பர் செத்துவிட்டது, மாற்றித்தான் ஆகணும். ஒட்டவில்லை, ஆனால் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கிறது என்றால் கழற்றித் திருப்பிப் போடுங்கள், ஆறு மாதம் ஓடும். வெள்ளையாகச் சொரசொரவென்று இருந்தால் அது உப்பு. வேலூர் வீடுகளில் பாதிக்கு மேல் வெறும் உப்புதான், நான் பார்த்தவரைக்கும்.

உப்பை எடுக்க வினிகர். இல்லையென்றால் மளிகைக் கடையில் கிடைக்கிற எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு, அதில் வளையத்தையும் வால்வின் அடிப்பாகத்தையும் ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள். டேங்குக்குள் இருக்கிற விளிம்பில் வினிகரில் நனைத்த துணியைப் போட்டு வைத்து, அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கவும். கத்தி, எமரி பேப்பர் வேண்டாம். ஒரு கீறல் விழுந்தால் அதற்கப்புறம் எந்த வாஷர் போட்டாலும் நிற்காது.

பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை டேங்குக்குள் ஊற்றவே ஊற்றாதீர்கள். உப்பு கரையும், கூடவே ரப்பரும் உலோக ஸ்க்ரூவும் போகும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்தால் வருகிற குளோரின் புகை நெஞ்சை அடைத்துவிடும். மூடின பாத்ரூமில் அது விளையாட்டில்லை. டேங்குக்குள் தொங்கவிடுகிற குளோரின் மாத்திரையும் வேண்டாம். வாசனை நமக்கு, சாவு ரப்பருக்கு.


லாட்ஜ்_சாவிக்கொத்து
செவ்வாய், மதியம் 3.10

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் ஆஸ்பத்திரி பக்கம் ஒரு லாட்ஜில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். 32 ரூம், 32 டேங்க். எங்களிடம் தங்குகிறவர்கள் எல்லாம் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள், பெங்கால், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று. ஒரு மாதம், இரண்டு மாதம்கூட இருப்பார்கள். டேங்க் ஓடுகிறது என்று கீழே வந்து சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு இருக்கிற கவலையில் அது கணக்கிலேயே இல்லை. நாங்களாகத்தான் கண்டுபிடிக்கணும். ராத்திரி 2 மணிக்கு வராண்டாவில் ஒரு சுற்று நடந்தால் எந்த ரூம் ஓடுகிறது என்று காது சொல்லிவிடும். முன்பு டிஃபன் கடையில் வேலை பார்த்தபோது எந்த அடுப்பில் தோசை கருகுகிறது என்று மூக்கு சொல்லும், அது மாதிரி.

நான் பார்த்ததில் இரண்டு பட்டன் டேங்க் என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குச்சி. நிறைய பேர் வாஷரை மாற்றிவிட்டு, மூடியை வைத்ததும் திரும்பவும் ஒழுகுகிறது என்று தலையில் கை வைப்பார்கள். குச்சி ஒரு நூல் நீளமாக இருந்தால் போதும், மூடி வைத்ததும் அது வால்வை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும். யாரோ எந்நேரமும் பட்டனில் விரல் வைத்திருப்பது மாதிரி. சோதனை சுலபம்: மூடியைத் தூக்கித் தனியே வைத்ததும் ஒழுக்கு நின்றால் குச்சிதான். அதைத் திருகினால் நீளம் குறையும். குறைத்தபின் பட்டனை அழுத்தினால் கொஞ்சம் ஆட்டம் கொடுத்து அப்புறம் பிடிக்கணும்.

இன்னொன்று, பட்டனே உள்ளே போய் மாட்டிக்கொள்வது. சோப்புத் தூள், உப்பு இரண்டும் சேர்ந்து பசை மாதிரி பிடித்துவிடும். கழற்றி வெந்நீரில் கழுவினால் போதும்.

போன வருடம் முதலாளி எல்லா ரூமுக்கும் ஒரே நாளில் புது டேங்க் போட்டுவிடலாம் என்றார். நான் ஒரு டப்பா நிறைய வாஷர் வாங்கிக் கொடுங்கள் போதும் என்றேன். இன்னும் அந்த டப்பாவில் பாதி இருக்கிறது.


வாலாஜா_கைத்தறி
செவ்வாய், மாலை 5.45

எங்கள் தெருவில் போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. துவைத்த வேட்டி காய்ந்தால் தகடு மாதிரி நிற்கும். ஃப்ளஷ் டேங்க் மட்டும் என்ன செய்யும் பாவம்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டே, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று. சாமி 1981ல் திரும்பி வந்துவிட்டார். தண்ணீர் 2021 நவம்பரில் கரையைத் தொட்டுக்கொண்டு வந்து, கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. மிச்ச நாளெல்லாம் மணலைத்தான் பார்க்கிறோம். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பதற்கு 1996லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. அது வேறு கதை, இழையைத் திசை திருப்பவில்லை.


காட்பாடி_ரயிலடி
செவ்வாய், மாலை 6.20

திருப்பிவிட்டீர்கள். ஆனாலும் ஒரு விஷயம். காவிரித் தண்ணீரை மட்டும் விடுகிற எங்கள் சமையலறைக் குழாயில் உப்பே இல்லை. அதே வீட்டில் போர் தண்ணீர் ஓடுகிற பாத்ரூம் ஷவரில் பாதி ஓட்டை அடைத்துவிட்டது. எந்தத் தண்ணீர் எந்தக் குழாயில் என்று தெரிந்தால் எதை எப்போது கழற்றிக் கழுவணும் என்பதும் தெரியும்.


மாடிவீடு_சத்துவாச்சாரி
வியாழன், இரவு 8.30

செய்தேன்! வால்வு கால் சுற்றில் வந்துவிட்டது. ரப்பர் வளையத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, அதன் கீழே ஒரு இடத்தில் பள்ளம். எலுமிச்சை உப்பில் ஊறப் போட்டு, டூத் பிரஷ்ஷால் தேய்த்து, வளையத்தைத் திருப்பிப் போட்டேன். குச்சியையும் இரண்டு சுற்று குறைத்தேன். பென்சில் சோதனை: அரைமணி நேரத்தில் மட்டம் அசையவே இல்லை. கோடு, அதே இடத்தில் தண்ணீர். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது பிரச்சினை வேறு. ஆங்கிள் காக்கைத் திறந்தால் தண்ணீர் ஏறுகிறது, ஏறுகிறது, ஓவர்ஃப்ளோ குழாயின் வாயைத் தாண்டி வழிகிறது. முன்பு கீழே ஒழுகிக்கொண்டே இருந்ததால் மேலே இருந்த குறை தெரியவே இல்லை போலிருக்கிறது. உள்விடும் வால்வின் தலையைத் திருகித் திறக்கப் பார்த்தேன், பிளாஸ்டிக் பொரி மாதிரி நொறுங்கி கையோடு வந்துவிட்டது.

லாங் பஜாரில் புது வால்வு வாங்கினேன், 380 ரூபாய். பந்து, கம்பி எதுவும் இல்லாத புது மாடல், சின்னதாக, சத்தமே வராது என்று கடைக்காரர் சொன்னார். டெஃப்ளான் டேப் சுற்றி, நட்டைக் கையால் இறுக்கி, அரைச் சுற்று மட்டும் ஸ்பேனர் கொடுத்தேன். சத்தம் வரவில்லை, உண்மைதான். ஆனால் நிற்கவும் இல்லை! முழு மட்டம் வந்தபின்னும் நூல் மாதிரி வந்துகொண்டே இருக்கிறது. மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்தாலும் நூல் நிற்கவில்லை. புது சாமானே இப்படியா?


கோட்டைமேடு
வியாழன், இரவு 8.45

நான் சொன்னேன் அல்லவா.


லாட்ஜ்_சாவிக்கொத்து
வியாழன், இரவு 9.30

உள்ளே மண் மாட்டியிருக்கலாம். பைப் கழற்றி மாட்டும்போது லைனில் படிந்த துகள் எல்லாம் அடித்துக்கொண்டு வந்து வாஷருக்கு அடியில் உட்காரும். தலையைக் கழற்றி, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஆங்கிள் காக்கை நாலைந்து விநாடி திறந்து மூடுங்கள். துகள் போய்விடும். டம்ளர் இல்லாமல் திறந்தால் மேல்கூரை நனையும், அனுபவம்.


மாடிவீடு_சத்துவாச்சாரி
வெள்ளி, காலை 7.15

செய்தேன். இரண்டு மணல் துகள் வந்தது. நூல் கொஞ்சம் மெலிந்தது, நிற்கவில்லை.


பழைய_பைப்புக்காரன்
வெள்ளி, காலை 7.40

உங்கள் பாத்ரூமுக்கு மேலே மொட்டை மாடியா? தண்ணீர் டேங்க் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது?


மாடிவீடு_சத்துவாச்சாரி
வெள்ளி, காலை 8.00

ஆமாம், நேர் மேலே மொட்டை மாடி. டேங்க் மூன்றடி செங்கல் மேடையில் இருக்கிறது.


பழைய_பைப்புக்காரன்
வெள்ளி, காலை 8.30

அதுதான் விஷயம். வால்வு கெடவில்லை, வீட்டுக்குப் பொருந்தவில்லை.

10 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் இறங்கினால் 1 பார் அழுத்தம். உங்களுக்கு மூன்றடி மேடை, அதற்குக் கீழே ஃப்ளஷ் டேங்க் வரைக்கும் ஏழடி வைத்தாலும் மொத்தம் 3 மீட்டர், 0.3 பார். டேங்க் நிரம்பியிருந்தாலும் இன்னும் ஒரு மீட்டர்தான் கூடும், 0.4 பார். பந்து இல்லாத இந்தப் புது வால்வுகளுக்கு உள்ளே மெல்லிய ரப்பர் தோல் ஒன்று இருக்கும். மிதவை ஏறியதும் ஒரு சின்ன ஓட்டையைத்தான் அடைக்கும். அப்புறம் அந்தத் தோலை அழுத்தி வழியை மூடுவது வருகிற தண்ணீரின் அழுத்தமே. அழுத்தம் போதவில்லை என்றால் தோல் முழுசாக உட்காராது, நூல் மாதிரி வந்துகொண்டே இருக்கும். நீங்கள் மிதவையைக் கையால் தூக்கியும் நிற்காததற்குக் காரணம் அதுதான். கீழ்வீட்டில் மாட்டினால் இதே வால்வு நன்றாக வேலை செய்யும், அங்கே இன்னும் மூன்று மீட்டர் கூடுதல் இறக்கம்.

அட்டைப்பெட்டியைப் பாருங்கள், குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று போட்டிருக்கும்.

உங்களுக்கு வேண்டியது பழைய மாதிரி பந்தும் கம்பியும் உள்ள அரை இஞ்ச் பால் காக். பந்து மிதந்து ஏறும் பலத்தில் கம்பி நெம்புகோல் மாதிரி வாஷரை நேராக அழுத்தி மூடும். அழுத்தம் குறைந்தால் அதற்கு மூடுவது இன்னும் சுலபம். பந்து டேங்க் சுவரில் உரசாமல் ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், சின்ன டேங்குக்கு சின்ன பந்து உண்டு. மட்டம் ஓவர்ஃப்ளோ வாய்க்கு ஒரு இஞ்ச் கீழே நிற்கிற மாதிரி கம்பியை லேசாகக் கீழ்நோக்கி வளைக்கணும், அல்லது ஸ்க்ரூ இருந்தால் திருகணும்.


மாடிவீடு_சத்துவாச்சாரி
வெள்ளி, காலை 8.50

பெட்டியில் 0.5 பார் என்று போட்டிருக்கிறது. நுணுக்கி எழுதியிருக்கிறார்கள், பூதக்கண்ணாடி வேண்டும்.


குடியாத்தம்_அக்கா
வெள்ளி, மதியம் 12.20

எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட், பக்கெட், மக். ஒழுகவும் ஒழுகாது, ராத்திரி பாடவும் பாடாது. ஆனாலும் இந்த இழையை நாலு நாளாக ஒரு வரி விடாமல் படிக்கிறேன். எப்போது முடியும்? சமையல் வேலை கெடுகிறது.


மாடிவீடு_சத்துவாச்சாரி
ஞாயிறு, காலை 10.30

அக்கா, முடிந்துவிட்டது என்றுதான் நேற்று நினைத்தேன்.

கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். பந்து வைத்த பால் காக் 190 ரூபாய், மிச்சத்தைக் கையில் தரவில்லை, வாஷரும் டேப்பும் கொடுத்தார். மாட்டினேன். தண்ணீர் ஏறியது, பந்து ஏறியது, ‘டுக்’ என்று நின்றது. ஓவர்ஃப்ளோவுக்கு ஒரு இஞ்ச் கீழே. இரவு பாத்ரூமில் சத்தமே இல்லை. மூன்று வாரம் கேட்டுப் பழகிய சத்தம் போனதும் தூக்கம் வரவில்லை என்று மனைவி சொன்னாள்.

ஆனால் மாடி டேங்க் இன்னும் இறங்குகிறது. வாத்தியார் ஐயா பாணியில் அளந்தேன். டேங்கைச் சுற்றி டேப் பிடித்தால் 340 செ.மீ. இரவு 10 மணிக்கு ஒரு குச்சி விட்டுப் பார்த்தேன், எங்கள் வீட்டில் எல்லாக் குழாயையும் மூடி, ஆங்கிள் காக்கையும் மூடிவிட்டேன். காலை 6 மணிக்கு 6 செ.மீ. குறைந்திருக்கிறது. ஓனர் அம்மா 9 மணிக்கே படுத்துவிடுவார், விடியற்காலை 6 மணிக்குத்தான் எழுவார்.


ஆற்காடு_கணக்கு_வாத்தியார்
ஞாயிறு, காலை 11.00

சுற்றளவு 340 என்றால் விட்டம் 108 செ.மீ. பரப்பு 9,200 சதுர செ.மீ. சொச்சம். ஒரு செ.மீ. இறங்கினால் 9.2 லிட்டர். 6 செ.மீ.க்கு 55 லிட்டர். 8 மணி நேரத்தில் 55 என்றால் மணிக்கு ஏறக்குறைய 7 லிட்டர். உங்கள் டேங்க் பழையபடி ஒழுகியபோது வந்த ஏழரைக்கு மிக அருகில்! ஆனால் இப்போது உங்கள் வீட்டில் எல்லாம் மூடியிருக்கிறது.


லாட்ஜ்_சாவிக்கொத்து
ஞாயிறு, காலை 11.10

கீழ்வீட்டு லைனுக்குத் தனி கேட் வால்வு இருக்கிறதா? ஒரு ராத்திரி அதை மூடிப் பாருங்கள். சொல்லிவிட்டு மூடுங்கள்.


மாடிவீடு_சத்துவாச்சாரி
திங்கள், காலை 7.30

சொல்லிவிட்டு மூடினேன். இரவு 10லிருந்து காலை 5 வரை. குச்சி அசையவில்லை, ஒரு நூல்கூட இறங்கவில்லை.

ஓனர் அம்மாவிடம் போய், “அம்மா, உங்க பாத்ரூமை ஒரு நிமிஷம் பார்க்கலாமா” என்று கேட்டேன். “என் வீட்ல எல்லாம் நல்லாதாம்பா இருக்கு, சத்தமே வராதே” என்றார். பழைய கைப்பிடி டேங்க். மூடியைத் திறந்தேன். தண்ணீர் ஓவர்ஃப்ளோவில் பட்டுத் துணி மாதிரி சத்தமில்லாமல் வழிந்துகொண்டிருந்தது. பந்து தண்ணீருக்கு மேலே மிதக்காமல் பாதி அமிழ்ந்து கிடந்தது. கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினேன். உள்ளே தண்ணீர், கிளக், கிளக்.

அந்த அம்மாவும் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “காபி சாப்பிடுறியாப்பா” என்றார்.


கோட்டைமேடு
திங்கள், காலை 7.45

இரண்டாம் அட்டவணையைக் காட்டினீர்களா?


மாடிவீடு_சத்துவாச்சாரி
திங்கள், காலை 7.50

காபி குடித்தேன்.


பழைய_பைப்புக்காரன்
திங்கள், காலை 8.15

முழு பால் காக்கும் வாங்கிவிடாதீர்கள் தம்பி. பந்து மட்டும் தனியாகக் கிடைக்கும். பழைய பந்தைக் கையோடு எடுத்துப் போங்கள், கம்பியின் மரை அதில் ஏறுகிறதா என்று கடையிலேயே திருகிப் பார்த்து வாங்குங்கள். அப்படியே கம்பி மூட்டில் இருக்கிற பின் உப்பில் இறுகியிருக்கிறதா என்றும் ஆட்டிப் பாருங்கள்.